குடும்ப மரத்தில் விடுபட்ட கிளை: பிழைப்புத் தேடிப் பிரிந்த குடும்பங்களை மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது?

நான்காம் ஆண்டில் வரலாற்றுப் பாடம் தொடங்கியதும் மாணவர்களுக்குக் கிடைக்கும் முதல் வேலைகளில் ஒன்று, குடும்ப மரம் வரைவது. கீழே தன் பெயர், மேலே அப்பா அம்மா, அதற்கும் மேலே தாத்தா பாட்டி. இதுவரை பென்சில் தடையின்றி ஓடும். அடுத்த படியில் நின்றுவிடும். "கொள்ளுத் தாத்தா இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தார்" என்ற ஒரு வரியோடு பல வீடுகளில் கதை முடிந்து போகிறது.

அவர் தனியாக வந்தாரா? ஊரில் அவருக்கு மனைவி இருந்தாரா? அவரைப் பெற்றவர்கள் யார்? உடன்பிறந்தவர்கள் என்ன ஆனார்கள்? வீட்டில் கேட்டால், "அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்" என்பதே பெரும்பாலும் பதில். மாணவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வண்ணம் தீட்டத் தொடங்கிவிடுகிறார்.

உண்மையில் பாடம் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. மலேசியத் தமிழர் வரலாற்றை நாம் பெரும்பாலும் வந்தவர்களின் வரலாறாகவே சொல்லிக் கொடுக்கிறோம். காட்டை அழித்தார்கள், ரப்பர் நட்டார்கள், சாலையும் இரயில் பாதையும் போட்டார்கள் என்கிறோம். ஒருவர் வந்தார் என்றால் யாரையோ விட்டுவிட்டு வந்தார் என்றும் பொருள். அந்த மறுபாதியைச் சொல்லாமல் விட்டால், பிள்ளைகள் தங்கள் குடும்பத்தையும் முழுதாக அறியமாட்டார்கள்; இன்று தங்கள் பக்கத்திலேயே குடும்பத்தைப் பிரிந்து உழைக்கும் மனிதரையும் அறியமாட்டார்கள்.

தமிழில் இதற்கு ஒரு திணையே உண்டு

இந்தப் பாடத்தைத் தொடங்கத் தமிழாசிரியருக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. சங்க இலக்கியத்தின் ஐந்திணைகளில் பாலைத்திணை பிரிவைப் பற்றியது. தலைவன் பிரிந்து செல்லும் காரணங்களுள் பொருள் தேடிச் செல்வதும் ஒன்று. அதைப் பொருள்வயின் பிரிவு என்பார்கள். அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண்ணில் வரும் 200 பாடல்களும் பாலைத்திணைப் பாடல்கள்தாம். காதல், குடும்பம் பற்றிய அந்தத் தொகுப்பில் சரிபாதி பிரிவுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பாடல்களில் புறப்பட்டுப் போனவனின் குரலோடு, வீட்டில் காத்திருப்பவளின் குரலும் அவள் தோழியின் குரலும் நிறையவே கேட்கின்றன. எந்த வழியில் போகிறானோ, கார்காலத்துக்குள் வந்துவிடுவானோ என்று அவர்கள் பேசுகிறார்கள். தோட்டத்துக் கதைகளில் இந்தக் குரல்தான் நமக்குக் குறைவாகக் கிடைக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவரைப் பற்றி ஓரளவு தெரியும். கரையில் நின்றவரைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சங்கத் தலைவன் போவதும் திரும்புவதும் பெரும்பாலும் அவன் கையில் இருந்தன. வழியில் வெயிலும் கள்வரும் இருந்தாலும், வாசலில் நின்று அனுமதிச் சீட்டுக் கேட்பவர் யாரும் இல்லை. நம் கொள்ளுத் தாத்தாக்களின் காலத்தில் யார் வரலாம், யார் செலவில் வரலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சட்டமும் சந்தை விலையும் தீர்மானித்தன. மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி இதுவே. குடும்பங்கள் பாசம் குறைந்ததால் பிரியவில்லை. பெரும்பாலும் யாரோ ஒரு கதவைத் திறந்தார்கள், பிறகு மூடினார்கள்.

திறந்த கதவும் மூடிய கதவும்

இதைத் தேதிகளின் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைத்தால் மறுநாளே மறந்துவிடும். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் "இதனால் யார் யாரைப் பார்க்க முடியாமல் போனது?" என்ற கேள்வியை வைத்தால் நினைவில் நிற்கும்.

தொடக்கத்தில் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு காப்பி, ரப்பர் தோட்டங்களுக்கும் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். ஒப்பந்தம் முடியும் வரை தோட்டத்தை விட்டு வெளியேற முடியாது. மலாயாவுக்கு இந்த முறையில் ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட கங்காணி முறை பிறகு முக்கிய வழியானது. தோட்டத்துக் கங்காணி தன் சொந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் போய், உறவினரையும் தெரிந்தவர்களையும் அழைத்து வருவார். இதனால் குடும்பமாக வந்தவர்களும் உண்டு. ஆனாலும் வந்தவர்களில் ஆண்களே மிகுதி. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மலாயாவில் ஆயிரம் இந்திய ஆண்களுக்கு ஐந்நூறுக்கும் குறைவான பெண்களே இருந்தனர்.

இந்த ஒரு கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டு, "மீதிப் பெண்கள் எங்கே இருந்தார்கள்?" என்று கேட்டால் வகுப்பு தானாகவே பேசத் தொடங்கும். அந்த ஆண்களில் எல்லாருமே திருமணமாகாதவர்களாக இருந்திருக்க முடியாது.

அடுத்து உலகப் பொருளாதார மந்தம். 1930 முதல் ரப்பர் விலை வீழ்ந்தபோது தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் அரசாங்கச் செலவில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பினாங்கிலோ பேராக்கிலோ சிலாங்கூரிலோ அவர்கள் அமைத்துக்கொண்ட உறவுகள் அப்போது என்ன ஆயின என்பது இன்னொரு கேள்வி.

பிறகு ஐந்து காசின் கதை. 1938இல் தோட்டத்தில் ஆணின் நாள் கூலி 50 காசிலிருந்து 45 காசாகக் குறைக்கப்பட்டது. பெண்ணின் கூலி 40இலிருந்து 36 காசானது. இதை ஏற்காத இந்திய அரசு, அதே ஆண்டு ஜூன் மாதத்தில், நிதியுதவியோடு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. தொழிலாளர் நலனுக்காக எடுத்த முடிவு அது. அதன் பிறகு கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வருவது நின்றது. தொழிலாளியாக வர நினைத்தவர் சொந்தச் செலவில் வர வேண்டியதாயிற்று. "அடுத்த முறை கங்காணி வரும்போது தம்பியையும் அனுப்பிவிடுங்கள்" என்று ஒருவர் கடிதம் எழுதியிருந்தால், அந்த அடுத்த முறை வரவே இல்லை.

1941 டிசம்பரில் ஜப்பானியர் நுழைந்தபோது கப்பல், கடிதம், மணியார்டர் மூன்றும் ஒரே நேரத்தில் அறுந்தன. தமிழகத்தில் இருந்த குடும்பங்களுக்கு மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக இங்கிருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாது. அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் 415 கிலோமீட்டர் நீளமான சயாம்-பர்மா இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. லயத்து வீடுகளில் மனைவியும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காத்திருந்தார்கள். இந்த வரலாற்றை அ.ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' நாவலாக எழுதியிருக்கிறார். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் படிக்கக்கூடிய நூல் அது.

சிவப்பு அட்டை, நீல அட்டை

மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உயிரோடு இருக்கும் நினைவு, 1969க்குப் பிந்திய பிரிவு. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது அதன் சாரம். மே 13 கலவரத்துக்குப் பிறகு அது முழு வீச்சில் நடைமுறைக்கு வந்தபோது, நீல அடையாள அட்டை வைத்திருந்த குடிமக்களுக்குச் சிக்கல் இல்லை. சிவப்பு அட்டை வைத்திருந்த நிரந்தரவாசிகள் மாட்டிக்கொண்டார்கள்.

சுதந்திரத்தின் போதே குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கலாமே என்று இன்று கேட்பது எளிது. அன்று பலரிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாரம் நிரப்ப ஆள் தேடினார்கள். "இங்கேதானே இருக்கிறோம், யார் கேட்கப் போகிறார்கள்" என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. வேலை பெர்மிட் கிடைக்காத பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகள் குடிமக்கள், அப்பா இல்லை. சில குடும்பங்களில் அப்பா மட்டும் கப்பலேறினார். சில குடும்பங்களில் எல்லாரும் போனார்கள், கல்யாணமான மூத்த மகள் மட்டும் இங்கே தங்கினாள். தலைமுறை தலைமுறையாக ஆட்களை இங்கே கொண்டுவந்த ரஜுலா கப்பல், தன் கடைசி ஆண்டுகளில் அவர்களைத் திரும்ப ஏற்றிச் சென்றது. 1926இல் ஓடத் தொடங்கிய அது 1973இல் ஓய்வு பெற்றது.

இன்றைய மாணவர்களின் தாத்தா பாட்டிக்கு அப்போது பத்து வயதோ இருபது வயதோ இருந்திருக்கும். துறைமுகத்தில் கையசைத்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்க வேண்டும்.

பழைய கதை இல்லை

பிரிவு கப்பலோடு முடிந்துவிடவில்லை. ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில், பிள்ளை எழும் முன்பே புறப்பட்டு அது தூங்கிய பிறகு வீடு திரும்பும் பெற்றோரைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. விடியும் முன் மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் மட்டும் வருகிறவர்களும் உண்டு.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றால் எல்லை மூடப்பட்டபோது, ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தப் பாலம் ஒரு கடலாகிவிட்டது. வேலையைக் காப்பாற்ற அந்தப் பக்கமே தங்கியவர்கள் மாதக்கணக்கில் பிள்ளைகளைக் கைப்பேசியில் மட்டும் பார்த்தார்கள். தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான். கொள்ளுத் தாத்தாவின் கதையைப் புரிந்துகொள்ளாத மாணவரும் இதைப் புரிந்துகொள்வார்.

அடுத்ததாக, நம் பக்கத்திலேயே இருப்பவர்கள். இன்று செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருக்கலாம். உணவகத்தில் தோசை சுடுபவரும் முடிதிருத்தும் கடையில் நிற்பவரும் தமிழகத்திலிருந்து வந்தவர்களாக இருக்கலாம். மலேசியாவில் தற்காலிக வேலை அனுமதியில் இருக்கும் அந்நியத் தொழிலாளர் குடும்பத்தை உடன் அழைத்து வர முடியாது. அந்த அனுமதியோடு இங்கே திருமணமும் செய்துகொள்ள முடியாது. உயர்ந்த சம்பளத்தில் வரும் நிபுணர்களுக்கு அந்தத் தடை இல்லை.

சிங்கப்பூரில் இது எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. வேலை பெர்மிட்டில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளியோ வீட்டுப் பணிப்பெண்ணோ குடும்பத்தை அழைத்து வர வழியில்லை. எஸ் பாஸ் அல்லது எம்ப்ளாய்மண்ட் பாஸ் வைத்திருப்பவர், மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் வாங்கினால் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். குடும்பம் சேர்ந்திருக்கலாமா கூடாதா என்பதைச் சம்பளச் சீட்டு சொல்கிறது.

இந்த விதிகளுக்கு அரசாங்கங்கள் காரணம் சொல்கின்றன. இடவசதி, பள்ளி, மருத்துவச் செலவு, உள்ளூர் மக்களின் வேலை என்று அவை நீளும். மேல்வகுப்பு மாணவர்கள் இரு பக்க வாதங்களையும் எடுத்துப் பேசட்டும். பேசும் முன் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: தோட்டத்துக்குத் தனியாக வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, லயத்தில் படுத்துறங்கிய மனிதர் அன்று நம்மவராக இருந்தார்.

வகுப்பில் செய்யக்கூடியவை

முதலாவது, புள்ளிக் கோடு. குடும்ப மரத்தில் தெரியாத இடங்களை அழிக்கச் சொல்லாமல், புள்ளிக் கோட்டால் வரைந்து கேள்விக்குறி போடச் சொல்லலாம். "கொள்ளுத் தாத்தாவின் அம்மா - பெயர் தெரியவில்லை" என்று எழுதுவதும் ஒரு வரலாற்றுக் குறிப்புத்தான். தெரியாததைத் தெரியாது என்று குறித்து வைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு நல்லது.

இரண்டாவது, மூன்று கேள்விகள். தாத்தா பாட்டியைப் பேட்டி எடுக்க அனுப்பும்போது நீண்ட வினாப்பட்டியல் வேண்டாம். யார் முதலில் வந்தார்? யாரை விட்டுவிட்டு வந்தார்? திரும்பப் பார்த்தாரா? இந்த மூன்றும் போதும். பதிலை அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதி வரச் சொல்ல வேண்டும். "கப்ப ஏறிட்டாங்க" என்று பாட்டி சொன்னால் அப்படியே இருக்கட்டும். அனுமதி கிடைத்தால் கைப்பேசியில் பதிவு செய்து வைப்பது இன்னும் நல்லது.

மூன்றாவது, ஒரு பொருள். பழைய கப்பல் பெட்டி, நீல நிற விமானக் கடிதம், மணியார்டர் இரசீது, பால்வெட்டும் உளி என்று வீட்டில் எது இருந்தாலும் அதைப் படம் எடுத்து, அதன் கதையை ஐந்து வரியில் எழுதலாம். ஒன்றுமே மிஞ்சாத வீடுகளே அதிகம். அந்த மாணவர் பாட்டி சொன்ன ஒரு சொல்லையோ ஒரு சமையலையோ கொண்டு வரலாம்.

நான்காவது, ஒரு கடிதம். போனவர் எழுதுவதாக இல்லாமல், ஊரில் இருப்பவர் எழுதுவதாக இருக்கட்டும். 1938இல் மகனுக்கு எழுதும் தாய், 1970இல் அப்பாவுக்கு எழுதும் பத்து வயது மகள், இன்று வங்காளதேசத்திலிருந்து கைப்பேசியில் செய்தி அனுப்பும் மனைவி என்று மூன்று குழுக்களாகப் பிரித்துக் கொடுக்கலாம். மூன்றையும் வகுப்பில் வாசிக்கும்போது எவை ஒன்றாக இருக்கின்றன, எவை மாறியிருக்கின்றன என்று பார்க்கலாம். பணம் வந்ததா, உடம்பு எப்படி இருக்கிறது, எப்போது வருவாய் என்ற மூன்றும் எல்லாக் கடிதத்திலும் இருக்கும்.

ஐந்தாவது, ஒரு கணக்கு. ஒரு நாள் கூலி 45 காசு. மாதம் 24 நாள் வேலை. சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஆறு வெள்ளி போனால், ஊருக்கு எவ்வளவு அனுப்பலாம்? கணக்கு ஆசிரியரும் இந்தப் பாடத்தில் சேர்ந்துகொள்ளலாம். விடை நாலு வெள்ளி எண்பது காசு. அதற்காக ஒரு மாதம் முழுக்க ஒருவர் இருட்டில் எழுந்தார் என்பது பிள்ளைகளுக்கு விளங்கும்.

கவனிக்க வேண்டியவை

இந்தப் பாடம் யாரையும் புண்படுத்தக் கூடாது. வகுப்பில் அப்பா வெளியூரில் இருக்கும் பிள்ளை இருக்கும். அப்பா எங்கே என்றே தெரியாத பிள்ளையும் இருக்கலாம். பாட்டியோ அத்தையோ வளர்க்கும் பிள்ளைக்குக் குடும்ப மரம் ஒரு தண்டனையாக மாறிவிடலாம். ஆகவே "உன் குடும்ப மரம்" என்பதோடு "உன்னை வளர்ப்பவரின் குடும்ப மரம்" என்ற வழியையும் திறந்து வைக்க வேண்டும். எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்வதை விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

அடையாள ஆவணங்களைக் கொண்டு வரச் சொல்வதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பிறப்புப் பத்திரத்திலோ குடியுரிமையிலோ சிக்கல் உள்ள குடும்பங்கள் இன்றும் நம் சமூகத்தில் இருக்கின்றன. "சிவப்பு அட்டை இருந்தால் கொண்டு வா" என்று ஆசிரியர் ஆர்வத்தில் சொல்லும் ஒரு வார்த்தை, ஒரு பிள்ளையைப் பள்ளிக்கே வராமல் செய்துவிடக்கூடும். பழைய அட்டையின் மாதிரியைப் படமாகக் காட்டினாலே போதும்.

இரக்கம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரிந்து போனவர்கள் வெறும் பாவப்பட்டவர்கள் இல்லை. கிடைத்த கூலியில் ஊரில் கூரை மாற்றினார்கள், தங்கையைக் கட்டிக் கொடுத்தார்கள், இங்கே கோயில் எழுப்பினார்கள், பள்ளிக்கூடம் கட்டக் கை கொடுத்தார்கள். 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தோட்டத்துக்குத் தோட்டம் சென்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியவர்களும் அவர்கள்தாம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இன்னொரு முறை குடும்பத்தோடு வெளியேறக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பணத்தில் இருந்தது.

பெற்றோருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்து "கொள்ளுத் தாத்தா யாரை விட்டுட்டு வந்தாரு?" என்று கேட்கும்போது, "பழசெல்லாம் எதுக்கு" என்று தள்ளிவிட வேண்டாம். தெரிந்தவரை சொல்லுங்கள். தெரியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துக்கொண்டு, குடும்பத்தில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவர் வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். ஒரு பெயராவது கிடைக்கும். புள்ளிக் கோட்டில் இருக்கும் கேள்விக்குறியை அழித்துவிட்டு அந்தப் பெயரைப் பிள்ளையே எழுதட்டும்.